பெயரில்லாத கோபங்கள்

எங்கள் துறையில் முதுகலை படித்த மாணவி ஒருத்தி ஒரு நீள்கதை எழுதிக்கொண்டிருந்தாள். பெண்கள் ஆளும் ஒரு தீவு. அந்தத் தீவுக்கென்று ஒரு தனி மொழி. கதாபாத்திரங்கள் தமிழில் பேசினால் தமிழ்நாட்டின் மாமியார்களும் மருமகள்களும் தீவுக்குள் வந்துவிடுகிறார்கள் என்பது அவள் சொன்ன காரணம். சொற்களை உருவாக்கித் தரும் மென்பொருள் ஒன்றை அவள் கண்டுபிடித்திருந்தாள். எந்த மெய்கள் வேண்டும், எந்த உயிர்கள் வேண்டும், அசை எப்படி அமைய வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். பொத்தானை அழுத்தியதும் பொருளோடு சேர்த்து ஒரு சிறு அகராதியையே கொட்டிவிடுகிறது. அதை அச்செடுத்து வந்து என் மேசையில் வைத்தாள். இருநூற்றுச் சொச்சம் சொற்கள். சில அழகாகவும் இருந்தன.

“அம்மா, இந்த லிஸ்ட்ல குத்துறதுக்குச் சொல் இருக்கு. வேட்டையாட, சண்டை போட, கொல்ல எல்லாத்துக்கும் இருக்கு. சமைக்கிறதுக்கு இல்ல. பிள்ளை பெத்துக்கிறதுக்கு இல்ல. இந்தத் தீவுல யாரும் பிறக்கவே மாட்டாங்களா?”

நான் சிரித்துவிட்டேன். பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். இத்தனை ஆண்டுகளாகச் சொற்களைப் பாடம் நடத்திப் பிழைக்கிறவள் நான். ஒரு சொற்பட்டியலை இந்தக் கண்ணோடு பார்த்ததே இல்லை.

அன்று மாலை அந்தப் பட்டியலின் பூர்வீகத்தைத் தேடினேன். சொற்களின் ஒலிதான் மென்பொருள் உருவாக்கியது. பொருள் நிரலோ வேறு இடத்திலிருந்து எடுத்தது. அமெரிக்க மொழியியலாளர் மோரிஸ் சுவாதேஷ் 1950களில் தொகுத்த அடிப்படைச் சொற்பட்டியல் மொழியியல் மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. இன்று பரவலாகப் புழங்கும் வடிவத்தில் 207 சொற்கள் இருக்கின்றன. எந்த மொழியிலும் இருக்கக்கூடியவை, எளிதில் கடன் வாங்கப்படாதவை என்று கருதப்பட்டவை. இரு மொழிகள் எப்போது பிரிந்தன என்று கணக்கிட அவருக்கு அது தேவைப்பட்டது. புதுமொழி படைப்பதற்காக அவர் அதை எழுதவில்லை. அந்தப் பழியை அவர்மேல் போடக் கூடாது. ஆனால் கற்பனை மொழி உருவாக்குகிறவர்களுக்கு அதுவே கைக்கு எட்டும் முதல் பட்டியலாகிவிட்டது.

அதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பேன் உண்டு. பாம்பு, புழு, சாம்பல் உண்டு. தைப்பது, கழுவுவது, துடைப்பது உண்டு. கொல், சண்டையிடு, வேட்டையாடு, குத்து, பிள எல்லாம் உண்டு. முலை உண்டு, பால் இல்லை. தாய் உண்டு, பெறுதல் இல்லை. நெருப்பு உண்டு, இறைச்சி உண்டு, சமைத்தல் இல்லை. வீடும் இல்லை. பிரசவம் நடக்காத சமூகம் எது, அதற்குச் சொல் இல்லாத மொழி எது? 207 இடங்களில் ஒன்றுகூட அதற்குக் கிடைக்கவில்லை.

இந்த மென்பொருள்களின் வேலை மிக எளிமையானது. பத்து மெய், ஐந்து உயிர் கொடுத்தால் ஐம்பது உயிர்மெய் அசைகள். இரண்டு அசைச் சொற்கள் என்றால் 2,500. மூன்று அசை என்றால் 1,25,000. ஒரு மனிதர் வாழ்நாளில் பேசித் தீர்க்க முடியாத அளவுக்குச் சொற்கள். வெறுமனே குலுக்கிப் போட்டால் எல்லா ஒலிகளும் ஒரே அளவில் வந்து, மொழி போலவே இருக்காது. ஆகவே சில ஒலிகள் அடிக்கடி வரட்டும், சில அரிதாக வரட்டும் என்று எடை கொடுப்பார்கள். இந்த ஒலிக்குப் பின் அந்த ஒலி வரலாம், இது வரக் கூடாது என்று விதிப்பார்கள். மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து, மெய்ம்மயக்கம் என்று தொல்காப்பியத்தின் நூன்மரபிலும் மொழிமரபிலும் நாம் படித்த அதே சங்கதிதான். தமிழ் இலக்கணம் படித்த பெண்ணுக்கு இந்த மென்பொருளைக் கையாளப் பத்து நிமிடம் போதும். என் மாணவிக்கு ஐந்து நிமிடம்.

எடை போட்டு எழுத்துகளைக் கோக்கும் இந்த உத்தி மென்பொருளைவிட மூத்தது. 1948இல் கிளாட் ஷானன் தகவல் கோட்பாடு பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையில் அதைச் செய்து காட்டினார். ஏதோ ஒரு புத்தகத்தை ஏதோ ஒரு பக்கத்தில் திறந்து ஓர் எழுத்தைக் குறித்துக்கொள்வது, வேறு பக்கத்தைத் திறந்து அந்த எழுத்து வரும்வரை படித்து, அதற்கு அடுத்த எழுத்தைக் குறித்துக்கொள்வது, இப்படியே தொடர்வது. முந்தைய இரண்டு எழுத்துகளைப் பார்த்து மூன்றாவதைத் தேர்ந்தால், வருவது ஆங்கிலமாக இராது, ஆனால் ஆங்கிலம் போலவே ஒலிக்கும். எந்த அகராதியிலும் இல்லாத சொற்கள் இப்படிப் பிறந்தன. இந்த வரலாற்றில் ஒரு பெண்ணும் இருக்கிறார். ஷானனின் மனைவி பெட்டி பெல் ஆய்வகத்தில் கணித வேலை பார்த்தவர். ஒரு மொழியில் அடுத்த எழுத்தை எவ்வளவு தூரம் ஊகிக்க முடியும் என்பதை ஷானன் அளந்தபோது, துப்பறியும் கதை ஒன்றிலிருந்து எழுத்தெழுத்தாக ஊகித்துச் சொன்னவர் அவர்தான். இசைக்கு இதே உத்தியைக் கையாண்டு 1949இல் ஜான் பியர்ஸுடன் சேர்ந்து ஓர் அறிக்கையும் எழுதியிருக்கிறார். அதில் அவர் பெயர் எம்.ஈ. ஷானன் என்று இருக்கிறது. முதலெழுத்துகளைப் பார்த்து அது ஒரு பெண் என்று யாருக்கும் தோன்றாது.

ஒரு மொழிக்கு வேண்டிய வேர்ச்சொற்கள் அனைத்தையும் கணினியைக் கொண்டு உருவாக்கிய பெரிய முயற்சி என்றால் லோஜ்பான் மொழியைச் சொல்ல வேண்டும். அதன் தாய் லோக்லான். 1955இல் ஜேம்ஸ் குக் பிரவுன் என்ற அமெரிக்கர் அதைத் தொடங்கினார். 1960இல் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதி உலகுக்கு அறிமுகம் செய்தார். நாம் பேசும் மொழி நம் சிந்தனையை வடிவமைக்கிறதா என்பது சபீர், வோர்ஃப் இருவர் பெயரால் வழங்கும் கேள்வி. தர்க்கத்தின் மேல் கட்டப்பட்ட ஒரு மொழியைக் கற்றுக்கொடுத்தால் மனிதர்கள் வேறு மாதிரி சிந்திப்பார்களா என்று சோதித்துப் பார்க்க பிரவுன் விரும்பினார். பிறகு அந்த மொழியின் சொற்கள் யாருக்குச் சொந்தம் என்று சண்டை வந்தது. பிரவுன் தமக்கே உரிமை என்றார். பாப் லெஷெவாலியர், நோரா லெஷெவாலியர் உள்ளிட்ட குழுவினர் பிரிந்துபோய் 1987 முதல் இலக்கணக் கட்டமைப்பை வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் புதிதாக உருவாக்கினார்கள். ‘லோக்லான்’ என்ற பெயரை யார் பயன்படுத்தலாம் என்பது நீதிமன்றம்வரை போய், அது பொதுச்சொல் என்று 1992இல் தீர்ப்பானது.

புதிய சொற்களை உருவாக்கிய கணக்கு இது. ஒரு பொருளுக்கு ஆறு மொழிகளில் உள்ள சொற்களை எடுத்துக்கொள்வது. ஐந்தெழுத்தில் அமையக்கூடிய வடிவங்களைக் கணினி அடுக்குவது. எந்த வடிவம் எந்த மொழிச் சொல்லோடு எத்தனை எழுத்து ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போடுவது. அதை அந்த மொழியின் எடையால் பெருக்கிக் கூட்டுவது. அதிக மதிப்பெண் பெற்றதே பெரும்பாலும் சொல்லாகும். எடைகள்: சீனம் 0.36, ஆங்கிலம் 0.21, இந்தி 0.16, ஸ்பானியம் 0.11, ரஷ்யன் 0.09, அரபு 0.07. பேசுவோர் எண்ணிக்கையே எடை. இரண்டாம் மொழியாகப் பேசுபவர் அரை ஆளாகக் கணக்கிடப்பட்டார். மிகச் சில சொற்கள் பின்னாளில் உருவானபோது மக்கள்தொகை மாறி இந்தி ஆங்கிலத்தை முந்தியிருந்தது. இந்தியாவின் சார்பில் இந்தி மட்டும் போயிருந்தது நமக்குப் புதிய செய்தி அல்ல.

நீலத்துக்கு ‘ப்லானு’ என்று வந்தது; ஆங்கில ‘புளூ’வும் சீன ‘லான்’ என்பதும் காதில் விழுகின்றன. நேசிப்பதற்கு ‘ப்ராமி’; அதில் இந்தியின் ‘பிரேம்’ தெளிவாகக் கேட்கிறது. தாய்க்கு ‘மம்தா’. இனிமையான சொற்கள்தாம். லோஜ்பானுக்கு ஒரு பெருமையும் உண்டு. பேசப்படுபவர் ஆணா பெண்ணா என்று சொல்லியே தீர வேண்டிய கட்டாயம் அதன் இலக்கணத்தில் இல்லை. அவன், அவள், அது என்று வினைமுற்றுவரை பிரித்தாக வேண்டிய நமக்கு அது ஆறுதலாகக்கூட இருக்கும். ஆனாலும் 1,300க்கும் மேற்பட்ட அந்த வேர்ச்சொற்களின் ஒலியைத்தான் எந்திரம் கணக்கிட்டது. எதற்கெல்லாம் வேர்ச்சொல் வேண்டும் என்ற பட்டியல் எந்திரத்துக்குள் போவதற்கு முன்பே மனிதர் கையில் தயாராக இருந்தது. அந்தப் பட்டியலுக்கு எடையும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

எந்திரம் எதுவும் இல்லாத 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ரைன் நதிக்கரை மடத்துத் தலைவி ஹில்டகார்ட் ஆயிரத்துச் சொச்சம் சொற்களைத் தாமே படைத்தார். ‘அறியாத மொழி’ என்று பெயர். அறியப்பட்டுள்ள புனைமொழிகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. கடவுளுக்கு ‘ஐகோன்ஸ்’ என்று தொடங்கி, வானவர், மனிதர், உறவுகள், தலைமுதல் கால்வரை உடல், நோய்கள், மடத்துப் பொருள்கள், மரங்கள், மூலிகைகள், பறவைகள், பூச்சிகள் என்று இறங்கி வரும் வரிசை. கன்னிமடத்தில் வாழ்ந்த அந்தப் பெண் ஆண்குறிக்கும் பெண்குறிக்கும்கூடக் கூச்சமின்றிப் புதுப்பெயர் வைத்தார். இருந்தாலும் அவர் பெயரிட்டவை அனைத்துக்கும் லத்தீனிலோ ஜெர்மனிலோ முன்பே பெயர் இருந்தது. பழைய பொருள்களுக்குப் புது ஆடை உடுத்திப் பார்த்தார்.

பொருளிலிருந்தே தொடங்கிய ஒருத்திக்காக 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சுசெட் ஹேடன் எல்ஜின் 1936இல் பிறந்தவர். குழந்தைகளை வளர்த்துக்கொண்டே சான் டியேகோவில் மொழியியல் ஆய்வு செய்தார். கல்விக் கட்டணத்துக்காக அறிவியல் புனைகதை எழுதத் தொடங்கியவர். பணத்துக்காக எழுதுகிறோம் என்று சொல்ல அவர் வெட்கப்படவில்லை. நவஹோ மொழியின் தொடரியல் அவருடைய ஆய்வுப் பொருள். அறிவியல் புனைவுக் கவிதைக்கென்று 1978இல் ஒரு சங்கம் தொடங்கினார். பேச்சு வழியே நடக்கும் வன்முறையிலிருந்து தற்காத்துக்கொள்ளும் கலை பற்றி அவர் 1980இல் எழுதிய கையேடு பெரும் விற்பனை கண்டது. ஒருத்தியை ஒரே வாக்கியத்தால் எப்படி உட்கார வைக்கிறார்கள் என்பதை அவர் இலக்கணமாகவே அறிந்திருந்தார்.

1981இல் பெண்களின் பேச்சையும் ஆண்களின் பேச்சையும் பற்றி செரிஸ் கிராமரே எழுதிய நூலுக்கு மதிப்புரை எழுதும் வேலை அவரிடம் வந்தது. புழங்கும் மொழிகள் பெண்களின் அனுபவத்தைச் சொல்லப் போதுமானவை அல்ல என்ற வாதத்தை அதில் படித்தார். அடுத்த ஆண்டு விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் நடக்கும் பெண்ணிய அறிவியல் புனைவு மாநாட்டுக்கு அவர் சிறப்பு விருந்தினர். அந்த உரைக்காக இதையே யோசித்துக்கொண்டிருந்தார். எழுத்தாளர்கள் பெண்கள் மட்டுமே வாழும் உலகங்களைப் படைக்கிறார்கள், ஆனால் அந்தப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு மொழி பேசுவதில்லையே என்று அவருக்குத் தோன்றியது. 1982 ஜூன் 28 அன்று ‘லாஅடன்’ மொழியை உருவாக்கத் தொடங்கினார். லாஅட் என்றால் உணர்ந்தறிதல். டன் என்றால் மொழி. 1985இல் அதன் முதல் அகராதியும் இலக்கணமும் மேடிசனிலிருந்தே வெளிவந்தன.

1975இல் எலேன் சிக்சு மெடூசாவின் சிரிப்பு பற்றிய கட்டுரையில் பெண்ணெழுத்தைப் பற்றிப் பேசினார். தமிழில் பெண்மொழி, உடல்மொழி என்று நாம் நடத்திய விவாதங்கள் பலவற்றுக்கு அந்தத் திசையிலிருந்தே காற்று வந்தது. நடை, மௌனம், உடைந்த வாக்கியம் என்று நாம் பேசினோம். எல்ஜின் கேட்டது அதைவிடச் சிறிய கேள்வி: அகராதியில் எந்தச் சொல் இல்லை? ஒரு கவிஞராக முதலில் எனக்கு இது சற்று வறட்சியாகத் தோன்றியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சொல்லில்லாத இடத்தில்தானே கவிதைக்கு வேலை? ஆனால் காவல் நிலையத்தில் புகார் எழுதும் பெண்ணுக்கும் மருத்துவரிடம் வலியைச் சொல்லும் பெண்ணுக்கும் கவிதை எழுத அவகாசம் இருக்காது. சொல்தான் வேண்டும்.

லாஅடனில் மாதவிடாய்க்கு ஒரு வேர். அதிலிருந்து முதல்முறை வருவது, வலியோடு வருவது, முன்கூட்டி வருவது, தாமதமாக வருவது, மகிழ்ச்சியோடு வருவது ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல். கர்ப்பத்துக்கும் அப்படியே. முதல்முறை சூல்கொண்டிருப்பது ‘லெவிடன்’. களைத்துப்போய்ச் சுமப்பது ‘லோடா’. நிறைமாதத்தில் எப்போது முடியும் என்று ஏங்கியிருப்பது ‘விடாஷட்’. இவற்றைப் படித்தபோது நம் சொற்களை எண்ணிப் பார்த்தேன். தூரம், விலக்கு, தீட்டு, வீட்டுக்கு வெளியே. எல்லாமே அவள் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. அவளுக்கு எப்படி இருக்கிறது என்று ஒன்றும் சொல்லவில்லை. ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பது குளியலைக் கணக்கு வைத்திருக்கும் வீட்டாரின் வாக்கியம். உள்ளிருந்து வந்த சொல் என்று ‘மசக்கை’யைச் சொல்லலாம். அதற்கும் முந்தைய ‘வயா’ என்ற சொல்லைத் தொல்காப்பியம் உரியியலில் வேட்கைப் பெருக்கம் என்று பொருள்கூறி வைத்திருக்கிறது. சூலுற்றவளின் ஆசைக்கு வழங்கிய அந்தச் சொல்லை எப்போது தொலைத்தோம்?

கோபத்துக்கு ஒரு சொல் வரிசையே உண்டு. காரணமுள்ள கோபம், காரணமில்லாத கோபம். குற்றம் சாட்ட ஆள் இருப்பது, இல்லாதது. கோபப்பட்டு ஏதாவது ஆகும் என்பது, ஆகவே ஆகாது என்பது. இந்த மூன்றையும் வெவ்வேறு விதமாகச் சேர்த்து வெவ்வேறு சொற்கள். காரணம் இருக்கிறது, செய்தவன் யார் என்று தெரியும், கோபப்பட்டாலும் ஒன்றும் நடக்காது என்ற அந்தக் கோபத்தை வகுப்பில் விளக்கியபோது, பின்வரிசையில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். நான் கேட்கவில்லை. இன்னொரு சொல் ‘டோஓலெடோஷ்’: வரப்போகிறது, வரப்போகிறது என்று அஞ்சிக் காத்திருந்த இழப்பு ஒருவழியாக வந்துவிடும்போது, அந்தக் காத்திருப்பு முடிந்ததால் ஆறுதலாக வரும் வலி. நெடுநாள் படுக்கையில் கிடந்த ஒருவரைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு இது தெரியும். தெரிந்தும் வெளியே சொல்லியிருக்க மாட்டாள்.

மொழியின் அமைப்பிலும் எல்ஜின் கைவைத்தார். ‘வித்’ என்றால் ஆள், பெண். ஆணைக் குறிக்க வேண்டுமானால் விகுதி சேர்த்து ‘வித்திட்’ என்க வேண்டும். புலவன் என்பதிலிருந்து புலவியைத் தேடவேண்டிய நம் நிலை அங்கே தலைகீழ். அதைவிட முக்கியம், ஒவ்வொரு கூற்றின் இறுதியிலும் அது எப்படித் தெரிந்தது என்று சொல்லும் ஒரு துணைச்சொல் வர வேண்டும். ‘பீஇ ஹால் வித் வா’ என்றால் ஒரு பெண் வேலை செய்கிறாள், நானே கண்டறிந்தேன் என்று பொருள். ‘வா’வுக்குப் பதில் ‘வெ’ என்றால் கனவில் கண்டது. சொன்னவரை நம்புவதால் உண்மை என்று கொள்வதற்கு ஓர் ஒலி. சொன்னவரை நம்பாததால் பொய் என்று கொள்வதற்கு இன்னோர் ஒலி. எனக்குத் தெரியவே தெரியாது என்பதற்கு வேறோர் ஒலி. “நீ பார்த்தியா? உனக்கு யார் சொன்னா?” என்று பெண்ணிடம் கேட்கப்படும் கேள்வி லாஅடனில் எழாது, அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். அவளிடம் பேசுகிற ஆணும் சொல்லியாக வேண்டும். ஊர் வம்பு பேசுவது அங்கே கடினம்.

1984இல் வந்த ‘நேட்டிவ் டங்’ நாவலில் இந்த மொழிக்கு ஒரு கதை தந்தார். அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமையை இழந்து ஆண்களின் காப்பில் வாழும் எதிர்காலம். மொழிபெயர்ப்பாளர் குடும்பங்களில், பிள்ளைப்பேறு முடிந்த பெண்களை ஒதுக்கி வைக்கும் வீடு ஒன்று இருக்கிறது. பெயர் ‘மலட்டு வீடு’. ஆண்களை ஏமாற்ற ஒரு கேலிக்கூத்தான மொழியை வெளியே காட்டிக்கொண்டு, அந்தப் பெண்கள் உள்ளே லாஅடனை வளர்க்கிறார்கள். இதுவரை யாரும் பெயரிடத் தேர்ந்தெடுக்காத ஓர் உணர்வைக் கண்டெடுத்துப் பெயரிடுவதுதான் அவர்களிடையே மிக உயர்ந்த செயல். அந்த நாவலை வாசித்துவிட்டு என் மாணவியின் அச்சுப் பிரதிக்குத் திரும்பினேன். மென்பொருள் ஒரு நொடியில் முடித்துவிட்ட வேலையை அந்தக் கிழவிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருந்தார்கள். ஒலிக்காக அவ்வளவு காலம் ஆகவில்லை.

எல்ஜின் இதை நாவலோடு விடவில்லை. பெண்களுக்கென்று ஒரே ஒரு மொழியைக் கையில் கொடுத்தாலும் போதும், ஒன்று அதை ஏற்று வளர்ப்பார்கள், அல்லது இதைவிட நல்லதாக நாங்கள் செய்கிறோம் என்று வேறொன்றைப் படைப்பார்கள் என்று கருதுகோள் வைத்தார். கெடு பத்தாண்டு. புதுச்சொற்களைச் சேர்க்கப் பிறரையும் அழைத்தார். எனக்குச் சொந்தம் என்று பூட்டவில்லை. பத்தாண்டு முடிந்தபோது இரண்டும் நடக்கவில்லை என்று அவரே அறிவித்தார். ஆர்வலர் சிலர் மட்டும் இன்றுவரை அதைப் படிக்கிறார்கள், சேர்க்கிறார்கள்.

அதே காலத்தில் ‘ஸ்டார் டிரெக்’ படத்தின் வேற்றுக்கிரகப் போர்வீரர்களுக்காக மார்க் ஒக்ராண்ட் உருவாக்கிய கிளிங்கான் மொழியின் அகராதி 1985இல் வந்தது. லாஅடன் அகராதி வந்த அதே ஆண்டு. கிளிங்கானுக்கு 1992இல் நிறுவனமே அமைந்தது. ‘ஹாம்லெட்’ அந்த மொழிக்குப் பெயர்க்கப்பட்டது. ஆண்மை முறுக்கிய மொழி செழித்ததையும் தன் மொழி வாடியதையும் எல்ஜினே சேர்த்துக் குறிப்பிட்டிருக்கிறார். நம் பக்கத்திலும், திரையில் பெரும்புகழ் பெற்ற புனைமொழி எது? 2015இல் ‘பாகுபலி’க்காக மதன் கார்க்கி படைத்த கிளிக்கி. அது காலகேயர்களின் போர்க்களத்தில் ஒலித்தது. கிளிங்கானுக்கு ஒரு படநிறுவனம் பின்னால் இருந்தது, லாஅடனுக்கு ஒரு சிறு பதிப்பகம் இருந்தது என்ற கணக்கையும் மறக்கக் கூடாது. பெண்கள் தங்கள் மொழியை ஏற்கவில்லை என்று ஒரே வரியில் தீர்ப்பெழுத நான் தயாரில்லை. வேலைக்குப் போய், வீட்டுக்கு வந்து, குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பிறகு இன்னொரு மொழியைக் கற்க எந்தப் பெண்ணுக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சும்?

லாஅடனின் சொற்களில் நம் வாசகிகளுக்கு உடனே பிடித்துப்போவது ‘ராடீடின்’. டீடின் என்றால் விடுமுறை நாள், பண்டிகை. ‘ரா’ எதிர்மறை முன்னொட்டு. பெயருக்குப் பண்டிகை, ஆனால் வேலையும் ஏற்பாடுகளும் குவிந்து, விருந்தாளிகள் நிறைந்து, ஒருவரும் கைகொடுக்காமல், எப்போது கழியும் என்று அஞ்சவைக்கும் நாள். தீபாவளிக்கு முந்தைய இரவு எண்ணெய்ச் சட்டிமுன் நின்ற எவருக்கும் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அந்த மாணவியின் தீவு மொழிக்காக நாங்கள் முறையை மாற்றினோம். மென்பொருளை மூடி வைத்துவிட்டு, பெயரில்லாத ஓர் அனுபவத்தை ஆளுக்கு ஒரு தாளில் முதலில் எழுதி வரச் சொன்னேன். ஒலியைப் பிறகு எந்திரத்திடம் வாங்கிக்கொள்ளலாம். வந்தவற்றில் சில: இருட்டிய பஸ் ஸ்டாண்டில் யாரும் அழைக்காத போனைக் காதில் வைத்துப் பேசுவதுபோல் நிற்பது. எல்லோரும் சாப்பிடும்போதே பானையில் எவ்வளவு மிஞ்சும் என்று கண்ணால் அளந்து, பசிக்கவில்லை என்று சொல்வது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்களிடமிருந்து தகவல் வராத வாரம். ஒலி தேர்வதில் பெரிய தகராறு இல்லை. எந்திரம் தந்த இருபது ஒலிகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் எதுவும் வேண்டாம், என் ஆயா சொல்ற சொல்லையே வெச்சுக்கிறேன் என்றாள்.

தகராறு ‘ராடீடின்’ பற்றித்தான் வந்தது. அந்தச் சொல்லைத் தீவு மொழிக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று வகுப்பே ஒருமனதாக இருந்தது. ஒருத்தி மட்டும் எழுந்தாள். அவள் அம்மா நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார்.

“இது அந்த வீட்டு அக்காங்களோட சொல்லும்மா. அவங்க வீட்டுக்கு வந்த விருந்தாளிங்க யாரும் அவங்களுக்கு ஒத்தாசை பண்ணல, சரி. எங்க அம்மா பண்றாங்களே, அதுக்கு என்ன பேரு? பொங்கலுக்கு ஆறு மணிக்குப் போற வேலைக்கு நாலு மணிக்குப் போவாங்க. திரும்பி வந்துதான் எங்க வீட்டுப் பானை ஏறும்.”

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் மூன்று பேர் வீட்டில் வேலைக்கு ஆள் உண்டு. என் வீட்டிலும் உண்டு. எல்ஜினின் விளக்கத்தில் உதவாத விருந்தாளிகள் வருகிறார்கள். உதவக் கூலிக்கு வந்தவள் வரவில்லை. பெண்களின் உணர்வு என்று ஒருமையில் பேசிய மொழியில் அவளுக்கு இடம் வைக்க அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் அன்றுவரை தோன்றவில்லை. ஆண்டுதோறும் ராடீடினைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவள் நான்.

சொல்லை அப்படியே எடுப்பதா, இரண்டாகப் பிரிப்பதா என்று அன்று முடிவாகவில்லை, மணி அடித்துவிட்டது. மறுவாரம் அந்தப் பெண் தன் தாளைக் கொடுத்தாள். விளக்கம் ஐந்து வரி எழுதியிருந்தாள், ஒலிக்கான கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். எந்திரத்தில் போடட்டுமா என்று கேட்டேன். அம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.